ரத்தத்தோடு புழங்குவோரைக் காத்த தடுப்பூசி: பாரூக் புளும்பர்க்கின் வாழ்க்கை

தெம்பனிஸ் எம்ஆர்டி நிலையத்தில் காலை ஆறு மணிக்கே கூட்டம் சேர்ந்துவிடும். அடுத்த நிறுத்தமான சீமெய்யில் இறங்கி, சாங்கி பொது மருத்துவமனைக்கு வேலைக்குச் செல்வோரும் அதில் இருப்பர். தாதியர், ஆய்வகத் தொழில்நுட்பர், நோயாளிகளைத் தள்ளிச் செல்லும் உதவியாளர், துப்புரவாளர் எனப் பலரும் அன்றாடம் ஊசியோடும் ரத்தத்தோடும் புழங்குபவர்கள்.

தவறுதலாக ஓர் ஊசி விரலில் குத்திவிட்டால் இன்று அவர்கள் முறைப்படி புகார் செய்து, ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம். பெரும்பாலோரின் உடலில் ஹெப்படைட்டிஸ் பி கிருமிக்கு எதிரான காப்பும் ஏற்கெனவே இருக்கும். அறுபது ஆண்டுகளுக்கு முன்பு அந்த நிலை இல்லை. எந்தக் கிருமி தொற்றுகிறது என்பதே மருத்துவ உலகுக்கு அப்போது தெரியாது.

அதைக் கண்டறிந்தவர் அமெரிக்க மருத்துவர் பாரூக் சாமுவேல் புளும்பர்க். அவரது பிறந்த நாளான ஜூலை 28ஆம் தேதிதான் இன்று உலகக் கல்லீரல் அழற்சி நாளாக அனுசரிக்கப்படுகிறது.

கப்பலிலிருந்து மருத்துவத்துக்கு

நியூயார்க்கின் புரூக்ளின் வட்டாரத்தில் 1925ஆம் ஆண்டு ஒரு யூதக் குடும்பத்தில் புளும்பர்க் பிறந்தார். தந்தை வழக்கறிஞர். தாத்தா பாட்டி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவிலிருந்து குடிபெயர்ந்தவர்கள். சிறு வயதில் சமயப் பள்ளியில் ஹீப்ரு மொழியும் மறைநூலும் கற்றார்.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்து கப்பல் அதிகாரியானார். அதன் பிறகு 1946ல் இயற்பியலில் பட்டம் பெற்றார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கத் தொடங்கியவர், தந்தையின் யோசனைப்படி மருத்துவத்துக்கு மாறி 1951ல் மருத்துவரானார்.

தோட்டத் தொழிலாளர்களிடையே

மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது சில மாதங்கள் தென் அமெரிக்காவின் சுரினாமுக்குச் சென்றார். மொயெங்கோ என்னும் சுரங்க ஊரில் தங்கி நோயாளிகளைப் பார்த்தார், பிரசவம் பார்த்தார், யானைக்கால் நோய் பற்றிய ஆய்விலும் ஈடுபட்டார்.

அங்கு வாழ்ந்தவர்களில் பலர் கரும்புத் தோட்டங்களுக்காகக் கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். 1873 முதல் கல்கத்தாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற இந்தியர்களின் சந்ததியினரும் அவர்களில் அடங்குவர். ஜாவானியர், ஆப்பிரிக்கர், சீனர் ஆகியோரும் அருகருகே வசித்தனர். மலாயாவின் ரப்பர் தோட்டங்களையும் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களையும் அறிந்த தமிழர்களுக்கு அந்த வாழ்க்கை புதிதாகத் தெரியாது.

ஒரே சூழலில் வாழ்ந்தாலும் எல்லா இனத்தவரையும் ஒரே நோய் ஒரே மாதிரி தாக்கவில்லை என்பதைப் புளும்பர்க் கவனித்தார். சிலருக்கு நோய் எளிதில் வருவதும் சிலருக்கு வராமல் போவதும் ஏன் என்ற கேள்வி அங்குதான் அவர் மனத்தில் பதிந்தது. வாழ்நாள் முழுவதும் அவர் பின்தொடர்ந்தது அந்தக் கேள்வியைத்தான்.

ஆக்ஸ்ஃபர்டில் முனைவர் பட்டம் பெற்ற பிறகு, 1957ல் அமெரிக்கத் தேசிய சுகாதாரக் கழகத்தில் சேர்ந்தார். அங்கிருந்தபடி ஆப்பிரிக்கா, ஆசியா, பசிபிக் தீவுகள் எனப் பல இடங்களிலிருந்தும் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். மனிதருக்கு மனிதர் ரத்தப் புரதங்கள் எப்படி வேறுபடுகின்றன என்பதே ஆய்வு. மஞ்சள் காமாலைக்கான கிருமியை அவர் தேடவே இல்லை.

ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ரத்தம்

ரத்தம் உறையாத நோய் உள்ளவர்களுக்கு அடிக்கடி பிறரது ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். அப்படிப் பலரது ரத்தத்தைப் பெற்றவர்களின் உடலில், அந்நியப் புரதங்களை எதிர்க்கும் பொருள்கள் உருவாகியிருக்கும். அத்தகைய நோயாளிகளின் ரத்தத்தைப் பல நாட்டு மக்களின் ரத்தத்துடன் சேர்த்துச் சோதித்தார் புளும்பர்க்.

சோதனை முறை எளிமையானது. கண்ணாடித் தட்டில் கடற்பாசிக் கூழை ஊற்றி உறையவைத்து, அதில் சிறு குழிகள் வெட்டுவார்கள். ஒரு குழியில் ஒருவரின் ரத்த நீர், அடுத்ததில் இன்னொருவருடையது. இரண்டும் கூழுக்குள் ஊறிப் பரவும். ஒன்று மற்றொன்றை எதிர்த்தால், சந்திக்கும் இடத்தில் வெண்மையான மெல்லிய கோடு தெரியும்.

1963ல் நியூயார்க்கைச் சேர்ந்த ஒரு நோயாளியின் ரத்தம், உலகின் மறுகோடியில் வாழ்ந்த ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் ரத்தத்துடன் சேர்ந்து அப்படியொரு கோட்டை உண்டாக்கியது. அந்தப் பழங்குடியினரின் ரத்தத்தில் இருந்த புதிய பொருளுக்கு ஆஸ்திரேலியா ஆன்டிஜென் என்று பெயரிட்டனர். உடன் பணியாற்றிய ஹார்வி ஆல்ட்டருடன் இணைந்து 1965ல் புளும்பர்க் அதுபற்றி எழுதினார்.

பொருள் கிடைத்துவிட்டது. அது என்ன என்பதுதான் விளங்கவில்லை. ஆரோக்கியமான அமெரிக்கர்களிடம் அது மிக அரிதாகவே காணப்பட்டது. ஆனால், ரத்தப் புற்றுநோயாளிகளில் பத்தில் ஒருவரிடம் இருந்தது. பெரிய காப்பகங்களில் வாழ்ந்த, டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களிடமும் அதிகம் காணப்பட்டது. ஆசியாவிலும் வெப்பமண்டல நாடுகளிலும் பலரிடம் இருந்தது. ஒருவேளை அது பிறவியிலேயே வரும் ரத்தக் கூறாக இருக்கலாம் என்று குழுவினர் முதலில் எண்ணினர்.

1964ல் பிலடெல்ஃபியாவின் புற்றுநோய் ஆய்வுக் கழகத்துக்கு மாறிய பின்னரே புதிர் அவிழ்ந்தது. 1966ல், அதற்கு முந்தைய சோதனையில் அந்தப் பொருள் இல்லாதிருந்த ஒரு நோயாளிக்கு மறுசோதனையில் அது தென்பட்டது. பிறவிக்கூறு திடீரென்று இடையில் தோன்றாது. அவரை மருத்துவமனையில் சேர்த்துப் பரிசோதித்தபோது கல்லீரல் அழற்சி இருப்பது தெரிந்தது.

தன் ரத்தத்தைத் தானே சோதித்த பெண்

சந்தேகத்தை வலுப்படுத்தியது வெளியிலிருந்து வந்த நோயாளி அல்லர், புளும்பர்க்கின் ஆய்வகத்திலேயே வேலை செய்தவர். அங்கு முதன்முதலாகப் பணியில் சேர்ந்த இளம் பெண் தொழில்நுட்பர், நாள்தோறும் அந்த ரத்த மாதிரிகளைக் கையாண்டு வந்தார். 1967 ஏப்ரலில் அவருக்கு உடல்நிலை சரியில்லாமல் போனது.

குழுவினரின் சந்தேகம் என்ன என்பது அவருக்குத் தெரியும். ஒரு நாள் மாலை தம் ரத்தத்தைத் தாமே எடுத்துத் தட்டில் வைத்துச் சோதித்தார். மறுநாள் காலை வந்து பார்த்தபோது, மங்கலாக ஆனால் தெளிவாக ஒரு கோடு தெரிந்தது. பிறகு அவருக்குக் காமாலையும் கண்டது. நல்லவேளையாக முழுமையாகக் குணமடைந்தார்.

ஆஸ்திரேலியா ஆன்டிஜென் சோதனையால் கண்டறியப்பட்ட முதல் கல்லீரல் அழற்சி அது. உலகெங்கும் கோடிக்கணக்கானோரைப் பீடித்திருந்த கிருமியை அடையாளம் காட்டிய முதல் சோதனையில், நோயாளியும் ஆய்வகப் பணியாளரும் ஒருவரே. ரத்தத்தோடு புழங்குபவர்களுக்கு எவ்வளவு அருகில் அந்த ஆபத்து இருந்தது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அதே ஆண்டில் புளும்பர்க் குழு தன் முடிவை வெளியிட்டது. அடுத்த ஆண்டு நியூயார்க்கில் ஆல்ஃபிரட் பிரின்ஸ், தோக்கியோவில் கசுவோ ஒகோச்சி ஆகியோரின் ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தின. ஆஸ்திரேலியா ஆன்டிஜென் என்பது ஹெப்படைட்டிஸ் பி கிருமியின் வெளியுறை என்பது பின்னர் தெளிவானது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க ரத்த வங்கிகள் தானம் பெறும் ரத்தத்தில் இந்தச் சோதனையைச் செய்யத் தொடங்கின.

அக்காலத்தில் மருத்துவப் பணியாளர்களின் நிலை கவலைக்குரியதாக இருந்தது. 1969, 1970ஆம் ஆண்டுகளில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்தச் சுத்திகரிப்பு செய்யும் பிரிவில் இந்த நோய் பரவியபோது, நோயாளிகளோடு அங்கு வேலை பார்த்த ஊழியர்களும் மாண்டனர்.

தோட்ட ஆஸ்பத்திரிகளில் டிரெஸர் கண்ணாடி ஊசிக்குழாயைக் கொதிநீரில் போட்டு எடுத்து அடுத்தவருக்குப் போட்ட காலமும் அதுதான். சரியாகக் கொதிக்காத ஊசி ஒருவரின் கிருமியை மற்றவருக்குக் கொண்டுசென்றது. கழுவிக் காயவைத்தால் போதும் என்பதும் சரியில்லை. உலர்ந்த ரத்தக் கறையிலும் இந்தக் கிருமி குறைந்தது ஏழு நாள் உயிர்ப்புடன் இருக்கும்.

ரத்தத்திலிருந்தே தடுப்பூசி

1969ல் புளும்பர்க்கும் சக ஆய்வாளர் இர்விங் மில்மனும் வழக்கத்துக்கு மாறான ஒரு யோசனையுடன் காப்புரிமைக்கு விண்ணப்பித்தனர். கிருமி தொற்றியவர்களின் ரத்தத்தில் முழுக் கிருமியைவிட வெறும் வெளியுறைத் துணுக்குகளே பன்மடங்கு அதிகம். அவற்றை மட்டும் பிரித்தெடுத்துத் தூய்மையாக்கினால் அதுவே தடுப்பூசியாகும் என்பது அவர்களின் கணிப்பு.

மெர்க் நிறுவனத்தில் மாரிஸ் ஹில்மன் அதைத் தடுப்பூசியாக உருவாக்கினார். போலந்தில் பிறந்த வுல்ஃப் ஷ்முனெஸ் நியூயார்க்கில் 1,083 பேரிடம் நடத்திய சோதனையின் முடிவு 1980ல் வெளியானது. தடுப்பூசி நன்றாக வேலை செய்தது. 1981ல் அமெரிக்கா அதற்கு அனுமதி அளித்தது. புளும்பர்க் அதற்கு முன்பே, 1976ல், மருத்துவத்துக்கான நோபெல் பரிசை கார்ல்டன் கைடுசெக்குடன் பகிர்ந்துகொண்டிருந்தார்.

தடுப்பூசி முதலில் பரிந்துரைக்கப்பட்டவர்களில் மருத்துவப் பணியாளர்களும் அடங்குவர். ஆனால், அவர்களில் பலர் தயங்கினர். அப்போதுதான் எய்ட்ஸ் நோய் பற்றிய செய்தி பரவியிருந்தது. மனித ரத்தத்திலிருந்து எடுத்த மருந்து என்பதால் அச்சம் கூடியது. விலையும் அதிகம். தயாரிப்பின்போது செய்யப்பட்ட சுத்திகரிப்பு மற்றக் கிருமிகளையும் அழித்துவிடும் என்பது நிரூபிக்கப்பட்டும் தயக்கம் முழுவதும் நீங்கவில்லை. 1986ல் மனித ரத்தமே தேவைப்படாமல், ஈஸ்ட் நுண்ணுயிரிலிருந்து தயாரித்த புதிய தடுப்பூசி வந்தது.

1991ல் அமெரிக்க அரசு, ரத்தத்தோடு புழங்கும் ஊழியர்களுக்கு முதலாளிகள் இலவசமாகத் தடுப்பூசி வழங்க வேண்டும் என்று விதித்தது. 1980களின் தொடக்கத்தில் அந்நாட்டில் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் அதிகமான மருத்துவப் பணியாளர்களுக்குத் தொற்றிய கிருமி, 1990களின் நடுப்பகுதியில் சில நூறு பேராகக் குறைந்ததாக மதிப்பிடப்பட்டது.

சென்னையும் கீழாநெல்லியும்

தடுப்பூசி புதிதாகத் தொற்றாமல் தடுக்கும். ஏற்கெனவே கிருமியைச் சுமப்பவர்களுக்கு என்ன செய்வது? அந்தத் தேடல் புளும்பர்க்கைத் தமிழகத்தோடு இணைத்தது.

காமாலை என்றால் கீழாநெல்லி என்பது தமிழ் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் நம்பிக்கை. அதை நாட்டு வைத்தியம் என்று புளும்பர்க் ஒதுக்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினருடன் சேர்ந்து, கிருமியைச் சுமப்பவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லித் தூள் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1988ல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. மருந்து உண்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் ஆஸ்திரேலியா ஆன்டிஜென் காணாமல் போயிருந்தது. வெறும் மாத்திரை உண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி ஆனது.

தமிழ் மருத்துவத்துக்குப் பெரும் பெருமையாக அது பேசப்பட்டது. ஆனால், 1990ல் தாய்லாந்தில் அதே மூலிகையைக் கொடுத்துச் சோதித்தபோது அந்தப் பலன் கிட்டவில்லை. அதன் பின்னர் வந்த ஆய்வுகளின் தொகுப்பும் கீழாநெல்லியால் கிருமி நீங்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் காணவில்லை.

இதில் வாசகர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பொதுவாகப் பெரியவர்களுக்கு இந்தக் கிருமி புதிதாகத் தொற்றினால், பெரும்பாலோருக்கு எந்த மருந்தும் இல்லாமலேயே சில மாதங்களில் நீங்கிவிடும். கீழாநெல்லி குடித்தவர்களுக்கும் அப்படித்தான் நீங்கும். பெருமை மட்டும் இலைக்குப் போய்விடும். ஆனால், பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது நிலைத்துவிடும். கண் மஞ்சளாகாது, வலி இருக்காது. பல ஆண்டுகள் கழித்துக் கல்லீரல் சுருங்கியோ புற்றுநோயாகவோ வெளிப்படும். அந்த நிலையில் இலையை நம்பி மருத்துவரைப் பார்க்காமல் இருப்பது உயிருக்கே ஆபத்து. கிருமியைக் கட்டுப்படுத்தும் நல்ல மாத்திரைகள் இப்போது உள்ளன.

சிங்கப்பூரில் எங்கு நிற்கிறோம்

சிங்கப்பூர் இந்தத் தடுப்பூசியை வெகு விரைவில் ஏற்றுக்கொண்டது. கிருமியைச் சுமக்கும் தாய்மாரின் குழந்தைகளுக்கு 1985லும், பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் 1987லும் திட்டம் தொடங்கியது. முதல் ஊசி பிறந்தவுடனே போடப்படுகிறது. 2001 முதல் 2004 வரை, விடுபட்ட மாணவர்களுக்கும் தேசிய சேவையாளர்களுக்கும் போடப்பட்டது.

1987க்கு முன் பிறந்த பலர் இந்தத் திட்டத்துக்கு வெளியே இருக்கின்றனர். தடுப்பூசித் திட்டம் தாமதமாகத் தொடங்கிய நாடுகளிலிருந்து இங்கு வேலைக்கு வந்தோரும் அப்படியே. 2010ஆம் ஆண்டின் தேசிய ஆய்வில், சிங்கப்பூர்வாசிகளான பெரியவர்களில் 3.6 விழுக்காட்டினர் இந்தக் கிருமியைச் சுமப்பது தெரிந்தது. நூறு பேரில் ஏறக்குறைய நான்கு பேர். அவர்களின் முகத்தில் அது எழுதியிருக்காது.

அதனால்தான் எல்லார் ரத்தத்தையும் கிருமியுள்ளதாகவே கருதிக் கையாள வேண்டும் என்று மருத்துவமனைகள் கற்பிக்கின்றன. தடுப்பூசி போடாதவர்களுக்குக் கிருமியுள்ள ஊசி குத்தினால் நூற்றில் 6 முதல் 30 பேருக்கு ஹெப்படைட்டிஸ் பி தொற்றலாம். ஹெப்படைட்டிஸ் சி கிருமிக்கு அது ஏறத்தாழ 2 பேர். எச்ஐவிக்கு ஆயிரத்தில் 3 பேர். எச்ஐவிக்கு அஞ்சுபவர்கள் அதைவிடப் பன்மடங்கு எளிதில் தொற்றும் கிருமியை மறந்துவிடுகின்றனர்.

ஆறு மாத காலத்தில் மூன்று ஊசிகள் போட வேண்டும். இரண்டோடு நிறுத்திவிடக் கூடாது. மருத்துவப் பணியாளர்கள் மூன்றாவது ஊசிக்கு ஒன்றிரண்டு மாதங்கள் கழித்து, காப்பு உண்டானதா என்று ரத்தத்தைச் சோதிக்க வேண்டும். ஏனெனில், நூற்றில் ஐந்து முதல் பத்துப் பெரியவர்களுக்கு முதல் சுற்றில் காப்பு உருவாவதில்லை. பயன்படுத்திய ஊசிக்கு மூடி போட முயலும்போது விரலில் குத்துவது அடிக்கடி நடக்கிறது. மூடாமல் அப்படியே ஊசிக்கான கெட்டிப் பெட்டியில் போட வேண்டும்.

குத்திவிட்டால் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, மேலாளர் திட்டுவார் என்று மறைக்காமல் உடனே தெரிவிக்க வேண்டும். காப்பு இல்லாதவர்களுக்கு 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும் எதிர்ப்புப் புரத ஊசியும் போட்டால் தொற்றைப் பெரும்பாலும் தடுத்துவிட முடியும்.

இது மருத்துவமனைக்குள் முடிந்துவிடும் விஷயமன்று. தெம்பனிஸ் அடுக்குமாடி வீடுகளில் நீரிழிவு நோயாளிகள் தாமே இன்சுலின் போட்டுக்கொள்கின்றனர். பணிப்பெண்கள் மூத்தோருக்குப் போட்டுவிடுகின்றனர். அந்த ஊசியை அப்படியே குப்பையில் போட்டால், மறுநாள் பையைத் தூக்கும் துப்புரவாளரின் கையில் அது குத்தலாம். அழுத்தமான பிளாஸ்டிக் போத்தலில் போட்டு இறுக மூடினால் அந்தக் கவலை இல்லை.

இறுதிவரை ஆய்வாளர்

கிருமியைச் சுமப்பவர்களை ஒதுக்கிவைக்கும் ஆபத்தையும் புளும்பர்க் முன்கூட்டியே உணர்ந்திருந்தார். தாம் கண்டறிந்த சோதனையே தாதியரின் வேலையைப் பறிக்கவும் மனிதரை மனிதர் விலக்கவும் காரணமாகிவிடக் கூடாது என்ற கவலை அவருக்கு இருந்தது. சேர்ந்து உண்பதாலோ கைகுலுக்குவதாலோ கட்டியணைப்பதாலோ இந்தக் கிருமி பரவாது. ஆனாலும், பெண் பார்க்கும் வீட்டிலும் வேலை தேடும் இடத்திலும் இதை மறைப்போர் இன்றும் உண்டு. மறைப்பதால் சிகிச்சைதான் தள்ளிப்போகிறது.

1989ல் ஆக்ஸ்ஃபர்டின் பேலியல் கல்லூரிக்குத் தலைவரானார். அப்பொறுப்பை ஏற்ற முதல் அமெரிக்கரும் முதல் அறிவியலாளரும் அவரே. எழுபது வயதைக் கடந்த பிறகு நாசாவின் வானுயிரியல் கழகத்துக்கு முதல் இயக்குநராகி, பூமிக்கு அப்பால் உயிர் உண்டா என்ற ஆய்வை வழிநடத்தினார். 2011 ஏப்ரல் 5ஆம் தேதி, கலிஃபோர்னியாவில் உள்ள நாசா வளாகத்தில் ஒரு மாநாட்டில் உரையாற்றிய சிறிது நேரத்தில் காலமானார். வயது 85.

அதற்கு முந்தைய ஆண்டில்தான் உலகச் சுகாதார மாநாடு அவரது பிறந்த நாளைக் கல்லீரல் அழற்சி நாளாகத் தேர்ந்தெடுத்திருந்தது. உலகில் 25 கோடிக்கும் அதிகமானோர் இன்னும் இந்தக் கிருமியுடன் வாழ்கின்றனர். 2022ல் மட்டும் அதனால் ஏறத்தாழ 11 லட்சம் பேர் உயிரிழந்தனர்.

பிலடெல்ஃபியா ஆய்வகத்தில் ஒரு பெண் தம் ரத்தத்தைத் தாமே சோதித்தபோது தடுப்பூசி இல்லை, மருந்தும் இல்லை. இன்று இரண்டும் உள்ளன. தெம்பனிஸ் பலதுறை மருந்தகத்திலோ வீட்டுக்கு அருகிலுள்ள மருந்தகத்திலோ ஒரு சிறு குழாய் ரத்தம் கொடுத்தால், கிருமி இருக்கிறதா, காப்பு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். காலை ரயிலில் சீமெய்க்குப் புறப்படுபவர் நம் வீட்டவராக இருந்தால், மூன்று ஊசியும் முடிந்ததா, அதன் பிறகு ரத்தம் சோதித்தாயிற்றா என்று இன்றே கேட்டு வைப்பது நல்லது.